நாணயக் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடமுள்ள அமெரிக்க ‘டிரேட் டாலர்’ முழுக்கச் சின்னச் சின்னச் சீன எழுத்துக் குத்துகள். போலியா? சுத்தம் செய்யலாமா?

பதில்: ‘டிரேட் டாலர்’ ஆசிய வணிகத்துக்காக அமெரிக்கா அடித்த வெள்ளி நாணயம்; அதில் குத்து இருப்பதால் போலி என்றாகாது. சீனாவின் துறைமுக நகரங்களில் சராப்புகளும் (நாணயத்தைச் சோதித்து மாற்றித் தருபவர்கள்) வணிகர்களும் வெள்ளியைச் சோதித்துவிட்டு உளியால் தங்கள் அடையாளத்தைப் பதித்தார்கள். ஆனால் போலி செய்பவர்களும் அதே குத்தை வைக்கிறார்கள், அதனால் குத்தை நம்ப வேண்டாம்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்த டாலர் 1873-இல்தான் தொடங்கியது; அதற்கு முந்தைய ஆண்டு இருந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது. (அப்படிப்பட்டவை சந்தையில் ஏராளம்!) அடுத்து எடை: 27.2 கிராம், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். பிறகு நீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ படாமல் மூழ்கவிடுங்கள். 90 சதவீத வெள்ளியானால் ஏறக்குறைய 2.6 கிராம் காட்டும். 3 கிராமை ஒட்டினால் செம்பு, நிக்கல் கலவை. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடிவிடும், தட்டிவிட்டுப் படியுங்கள்.

பத்து மடங்கு லென்ஸில் உண்மையான குத்தின் ஓரம் மேலெழும்பி, பின்பக்கம் லேசாகத் தட்டையாகியிருக்கும். வார்ப்புப் போலியில் குத்தின் விளிம்பு மழுங்கி, நுண்துளைகள் தெரியும்.

சுத்தமா? வேண்டவே வேண்டாம். குழிக்குள் படிந்த கருமைதான் சாட்சி. புளி போட்டுத் தேய்த்தால் அதுவும் போய், விலையும் போகும்.

கேள்வி: ஸ்பானிய டாலரில் இங்கிலாந்து அரசர் தலை எப்படி வந்தது?

பதில்: 1797-இல் வெள்ளிக்காசுத் தட்டுப்பாட்டில் இங்கிலாந்து வங்கி மூன்றாம் ஜார்ஜின் தலையைச் சிறு நீள்வட்ட முத்திரையாகக் குத்தி, 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு வெளியிட்டது. போலிகள் குவிந்ததால் 1804-இல் எண்கோண முத்திரைக்கு மாறியது.