விதியைப் புரட்டும் மாயப் பொருள்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ எனும், ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் ஆட்டத்தின் ‘டெக் ஆஃப் மெனி திங்ஸ்’ எனப்படும் மாயச் சீட்டுக்கட்டைச் சுற்றியே அமைந்துள்ளன. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹட்டன் வாசகர்: புதையலுக்காகப் பகடை உருட்டியபோது மாயச் சீட்டுக்கட்டு விழுந்துவிட்டது. எங்கள் குழுவில் நால்வர். ஓராண்டாக நடத்திவரும் கதை ஒரே இரவில் குலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். கெட்ட சீட்டுகளை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஆனால் அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள். 1975இல் ‘கிரேஹாக்’ துணைநூலில் அறிமுகமான காலந்தொட்டே இந்தக் கட்டின் கவர்ச்சி, கையை நீட்டுபவர் தம் பாத்திரம் அழியக்கூடும் என்று அறிந்தே நீட்டுகிறார் என்பதில்தான் இருக்கிறது. அந்த ஆபத்தை மறைவாக நீக்கிவிட்டால் அவர் எடுக்கும் முடிவுக்கு மதிப்பில்லாமற்போகும். பின்னாளில் தெரியவந்தால் உங்கள் பகடைகளையும் எவரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான கட்டுகளில் 13 சீட்டுகளே இருக்கும். அவற்றுள் ஆறு தீயவை. எடுத்த சீட்டு உடனே கட்டுக்குத் திரும்பிவிடுவதால், நால்வரும் ஆளுக்கு இரண்டு சீட்டு எடுத்தால், கூடுதல் சீட்டு எடுக்கவிடும் ஜோக்கர் செய்யும் குழப்பத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஆன்மாவைப் பறித்துச் செல்லும் ‘வாய்ட்’ ஒருமுறையேனும் விழுவதற்கு ஏறக்குறைய 47 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எத்தனை சீட்டு எடுக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு மேலாக, ஆளுக்கு ஒன்றுதான் என்று நீங்களே வரம்பிட்டாலும் தவறில்லை.

தீய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ‘ரோக்’ விழுந்தால், நடத்துநர் தேர்ந்தெடுக்கும் ஒருவர் பாத்திரத்துக்குப் பகைவராகிறார். அவர் யார் என்பது நடத்துநருக்கு மட்டுமே தெரியும் என்பதால், மாதக்கணக்கில் ஓடக்கூடிய கதை அதில் அடங்கியிருக்கிறது. மாயப் பொருள்கள் தவிர்ந்த சொத்தையெல்லாம் அழிக்கும் ‘ரூயின்’ சீட்டும் அப்படியே. ‘யூரியாலி’யோ தற்காப்புப் பகடை முடிவுகளில் இரண்டு புள்ளியைக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது, என் பார்வையில் இந்தக் கட்டின் மிகச் சோம்பலான சீட்டு அதுதான். அதை எடுத்துவிட்டு, உங்கள் கதைக்கு உரிய ஒரு சாபத்தை வையுங்கள். சீட்டு எடுக்கும் காட்சியை அன்றைய ஆட்டத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டால், அடுத்த அமர்வுக்குள் விளைவுகளைச் சிந்திக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

நுவரெலியா வாசகர்: போன கிழமை ‘வாய்ட்’ விழுந்துவிட்டது. அந்த ஆட்டக்காரர் தலவாக்கலையிலிருந்து பஸ் ஏறி வருபவர். இப்போது அவருக்கு மேசையில் வேலையே இல்லை. சீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒருவருக்கு விழுந்த கேட்டை மாற்றினால், மற்றவருக்கு ‘மூன்’ சீட்டில் கிடைத்த வரத்தையும் பறிக்க வேண்டியிருக்கும். விதியே உங்களுக்கு வழிவிட்டிருக்கிறது: அவருடைய ஆன்மா, நீங்கள் தீர்மானிக்கும் ஓரிடத்தில், ஏதோவொரு பொருளுக்குள், வல்லமை மிக்க காவலின் கீழ் அடைபட்டிருக்கிறது, வேண்டியதை நிறைவேற்றும் ‘விஷ்’ மந்திரத்தால் அதை மீட்க முடியாது, இருக்குமிடத்தை அறிய மட்டுமே முடியும். அடுத்த சாகசம் அங்கேயே தொடங்கிவிட்டது. அதுவரை அவருக்கு வேறொரு பாத்திரம் கொடுங்கள். யாராவது ‘நைட்’ சீட்டை எடுத்திருந்தால், அதனால் வந்து சேர்ந்த நான்காம் நிலை வீரரை அவரிடம் ஒப்படைப்பது பொருத்தம். மீட்பை மூன்று அமர்வுகளுக்கு மேல் இழுக்காதீர்கள்.

பண்டாரவளை வாசகர்: எதிர்பாராத விளைவுகளைத் தரும் ‘வாண்ட் ஆஃப் வொண்டர்’ என்ற மாயக்கோல் வந்ததிலிருந்து சண்டைகள் ஊர்ந்து நகர்கின்றன. ஒவ்வொரு முறையும் நூலைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

விளைவுப் பட்டியலைப் பிரதி எடுத்து, கோலை வைத்திருப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். அவரே நூற்றுக்கான பகடையை உருட்டி வாசிக்கட்டும். அறுநூறு வண்ணத்துப்பூச்சிகள் களத்தை மறைக்கும் முடிவு வரும்போது, எவருக்கு எவர் தெரிகிறார் என்று அளந்துகொண்டிராமல், உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி நகருங்கள்.

ஹப்புத்தளை வாசகர்: எங்கள் கதை ஒரு பழைய தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. பெயர் எழுதினால் ஏதாவது நடக்கும் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகம் ஒன்றை உருவாக்கி, இருபது விளைவுகள் எழுதியிருக்கிறேன். சரியா?

கருத்து அருமையானது, பட்டியல்தான் நீளம். நீங்கள் அனுப்பிய இருபதில் பதினொன்று, ‘இத்தனை புள்ளி சேதம்’ என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கி, ஆறு பக்கப் பகடைக்கு ஆறே விளைவுகள் வையுங்கள். அவை ஒவ்வொன்றும் கதை போகும் திசையை மாற்ற வேண்டும். பெயர் எழுதப்பட்டவர், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுநாள் விடியலில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்பார் என்பது ஒன்றாகலாம். அரைப்பேர் (அரைநாள் சம்பளப் பதிவு) விழுந்தால், அவருடைய வலிமையில் பாதி பொழுது சாயும்வரை எழுதியவரிடம் வந்து சேரும். இன்னொன்றில், எழுதியவரின் பெயரே பக்கத்திலிருந்து அழிந்து, தோட்டத்தில் எவருக்கும் அவரை அடையாளம் தெரியாமற்போகலாம். தொழிலாளரின் கடனைச் சீட்டில் எழுதி அவரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டதால், கதை அதற்கு முந்திய காலத்தில் நடக்குமானால், முன்னோர் பட்ட கடன் பாத்திரத்தின் தலையில் விழுந்து, அதை வசூலிக்க ஒருவர் தேடி வருவதும் பொருந்தும். அந்த ஆறனுள் இரண்டேனும் நன்மையாக இருக்கட்டும். இல்லையெனில் முதல் முறைக்குப் பிறகு எவரும் பேனையைத் தொடமாட்டார்கள்.

பதுளை வாசகர்: அச்சிட்ட மாயச் சீட்டுகள் இங்கே கிடைப்பதில்லை. சாதாரணக் கடதாசிக் கட்டால் சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும், விதிநூலே ஒவ்வொரு மாயச் சீட்டுக்கும் இணையான கடதாசியைக் குறிப்பிடுகிறது. நான்கு இனத்திலும் ராஜா, ராணி, ஜாக் என்று பன்னிரண்டும் ஒரு ஜோக்கரும் சேர்ந்தால் 13. ஏஸ் நான்கு, ‘இரண்டு’ எண்ணுள்ள கடதாசி நான்கு, மற்ற ஜோக்கர் ஆகியவற்றைச் சேர்த்தால் 22. வீட்டில் முன்னூற்று நாலு விளையாடும் கட்டு இருந்தால், அதில் இரண்டுகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஜோக்கர்களுக்கும் விளைவு வேறு என்பதால், ஒன்றின் முகப்பில் சிறு குறியிடுங்கள். மை முதுகுப்பக்கம் ஊறித் தெரியாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.