மோட்டோகிராஸ் பைக்கைப் பெர்த்துக்கு அனுப்பலாமா? சேற்றையும் ஏஜென்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: நிரந்தர வசிப்புரிமை கிடைத்து, குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபெயர்கிறோம். என்னிடம் கே.டி.எம். 250 எஸ்.எக்ஸ்.எஃப்., யமஹா ஒய்.இசட். 125, கே.டி.எம். 300 இ.எக்ஸ்.சி. என்று மூன்று பைக்குகள். எதற்கும் கெரான் (வாகனப் பதிவுச் சான்று) கிடையாது. "கழற்றி வீட்டுச் சாமான் கண்டெய்னரிலேயே போட்டு, உடற்பயிற்சிச் சாதனம்னு எழுதிடலாம், வரி வராது" என்கிறார் ஒரு ஏஜென்ட். இன்னொருவர் கார்னே எடுக்கச் சொல்கிறார். இ.எக்ஸ்.சி.யின் விளக்கைக் கழற்றிவிட்டால் அதுவும் மோட்டோகிராஸ் ஆகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

முதலாமவர் சொல்வது பச்சையான பொய் அறிவிப்பு. பெர்த்தின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் அந்தக் கண்டெய்னரை எக்ஸ்ரே பார்த்தால் ஃப்ரேமும் இன்ஜினும் அப்படியே தெரியும். பைக் மட்டும் மாட்டாது. கட்டில், பீரோ, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சேர்ந்து நிற்கும். கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். பாரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஏஜென்ட் போனை எடுக்கமாட்டார்.

இத்தனை ஆபத்தும் எதை மிச்சப்படுத்த? குடிபெயர்பவரின் வீட்டுச் சாமான்களுக்கு ஆஸ்திரேலியா தரும் வரிச்சலுகையில் மோட்டார் வாகனம் சேராது, அது உண்மைதான். ஆனால் நீங்கள் முக்கியமாகக் கட்டப்போவது 10 விழுக்காடு ஜி.எஸ்.டி. பைக்கின் மதிப்பு, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி அதன்மேல் போடுவார்கள். பழைய பைக்கின் நியாயமான சந்தை விலைக்கு அது தாங்கமுடியாத தொகை அல்ல. "விலையை 500 ரிங்கிட்னு போடுவோம்" என்று அடுத்த யோசனை வரும். அதையும் மறுத்துவிடுங்கள். வழியில் பைக் நசுங்கினால் காப்புறுதியில் கிடைப்பதும் அந்த 500தான்.

கார்னே என்பது, போய்த் திரும்பிவரும் பொருளை வரி கட்டாமல் கொண்டுபோக உதவும் சுங்கத் தாள். மலேசிய அனைத்துலக வர்த்தக, தொழிலியல் சபை கொடுக்கும் ஏ.டி.ஏ. கார்னே அதிகபட்சம் ஓராண்டு செல்லும். போட்டி ஓட்டிவிட்டு வண்டியோடு திரும்புகிறவருக்கு அது அருமையான தாள். நீங்களோ அங்கேயே தங்கப் போகிறீர்கள். காலம் முடிந்தும் பைக் திரும்பாவிட்டால், நீங்கள் கட்டிய உத்தரவாதத்திலிருந்து வரியை எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மூன்று பைக்கின் தகுதி. ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டு சாலை வாகனத் தரநிலைச் சட்டம், சாலைக்கான வண்டி, சாலைக்கு அல்லாத வண்டி என்று பிரித்துப் பார்க்கிறது. எஸ்.எக்ஸ்.எஃப்., ஒய்.இசட். இரண்டும் பந்தயத் தடத்துக்கென்றே செய்தவை. சாலை வாகனம் அல்ல. இருந்தாலும் வெறும் வாய்ப்பேச்சோடு அனுப்பாதீர்கள். 'ரோவர்' என்ற அரசு இணையத்தளத்தில் விண்ணப்பித்து, "இது சாலை வாகனம் அல்ல" என்ற ஆலோசனை அறிவிப்பை முன்கூட்டியே வாங்குங்கள். கட்டாயம் இல்லைதான், ஆனால் சுங்கத்தில் வாதாடும் நேரம் மிச்சம். நான்கு பக்கப் படங்கள், சேசிஸ் நம்பர் தெளிவாகத் தெரியும் படம், மாடல் ஆண்டு மூன்றும் தயாராக இருக்கட்டும்.

இ.எக்ஸ்.சி. கதை வேறு. அது எண்டியூரோ, அதாவது காட்டுப்பாதைப் போட்டி வண்டி. விளக்கோடு, சாலைப் பதிவுக்கு ஏற்றபடி தொழிற்சாலையிலிருந்து வருவது. விளக்கைக் கழற்றினால் விளக்கில்லாத இ.எக்ஸ்.சி. ஆகும், அவ்வளவுதான். சேசிஸ் நம்பரைப் போட்டால் அது என்ன மாடல் என்று நொடியில் தெரிந்துவிடும். அதைச் சாலை வாகனமாகவே கொண்டுபோகத் தனிநபர் இறக்குமதி என்ற வழி ஒன்று இருக்கிறது. வண்டி வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து உங்கள் உடைமையிலும் பயன்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். அனுமதியைக் கப்பலேற்றும் முன்பே பெற வேண்டும். கெரான் இருந்தால் அதிலுள்ள தேதியைக் காட்டி நிரூபித்துவிடலாம். உங்களிடம் அது இல்லை. கடை ரசீது மட்டும் இருந்தால் உடைமை தெரியும், பயன்பாடு தெரியாது. சர்வீஸ் பில், போட்டிப் பதிவு, தேதியோடு படங்கள் என்று சேர்த்து முயலலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். "போன பிறகு அனுமதி வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். என் கருத்து: இ.எக்ஸ்.சி.யை இங்கேயே விற்றுவிடுங்கள்.

கெரான் இல்லாததால் மற்ற இரண்டுக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் ரத்துசெய்ய எதுவுமில்லை. கவுண்டரில் கேட்டால் அங்கே போ, இங்கே போ என்பார்கள், அலையாதீர்கள். அசல் கடை ரசீதே உங்கள் உடைமைச் சான்று. கைமாற்றாக வாங்கியிருந்தால் விற்றவரிடம் எழுத்தில் வாங்கி, சத்தியப்பிரமாண ஆணையர் முன் சூராட் அக்குவான் பெர்கானுன் (சட்டப்பூர்வ உறுதிமொழி) செய்துகொள்ளுங்கள். பந்தய பைக்கில் இன்ஜின் மாற்றுவது சகஜம். ரசீதில் இருக்கும் இன்ஜின் நம்பர் வண்டியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், மாற்றிய இன்ஜினின் பில்லையும் சேர்த்து வையுங்கள். சுங்கத்தின் கே2 ஏற்றுமதிப் பாரத்தை ஃபார்வர்டிங் ஏஜென்ட் போடுவார்.

இனி சேறு. பைக்கை நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தாலும் ஆஸ்திரேலிய வேளாண் துறை விடாது. உங்கள் செலவில் கழுவச் சொல்வார்கள், முடியாவிட்டால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ சொல்வார்கள். வெளியே பளபளவென்று கழுவினால் போதாது. சீட், பேஷ் பிளேட் (இன்ஜின் அடிக்காப்பு), ரேடியேட்டர் காப்பு, முன் ஸ்ப்ராக்கெட் மூடி, செயின், ஹேண்ட்கார்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஏர்பாக்ஸ், லிங்கேஜ், ஃபுட்பெக் ஸ்பிரிங், மட்கார்டின் அடிப்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சேறு தங்காமலிருக்க பேஷ் பிளேட்டுக்குள் திணித்த ஸ்பாஞ்சைத் தூக்கி எறியுங்கள். ரேடியேட்டர் இடுக்கில் புல் விதை, சைலன்சர் வாயில் குளவிக்கூடு, இரண்டையும் தேடுங்கள். பழைய டயரைச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிடப் புது டயர் போடுவது மலிவு. ரிம்மைத் திறந்தால் ரிம்லாக் பக்கம் மண் கொட்டும். பிரஷர் ஜெட் பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும் என்பதால், கழுவிய பின் இரண்டு நாள் காயவைத்து, கிரீஸ் வைத்து, பிறகுதான் பெட்டி. ஈரத்தோடு பிளாஸ்டிக் சுற்றினால் துருப்பிடித்த வண்டியைத்தான் பெர்த்தில் பிரிப்பீர்கள். வீட்டுச் சாமானோடு போகும் பூட்ஸின் அடிப்பாகத்தையும் மறக்காதீர்கள். அதையும் அறிவிக்க வேண்டும்.

கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இன்னொரு வில்லங்கம். 2003 டிசம்பர் 31 முதல் அது ஆஸ்திரேலியாவில் முழுத் தடை. பேர் தெரியாத கிளட்ச் தட்டு, பிரேக் பேட், கேஸ்கெட் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, தயாரிப்பாளரின் அசல் பாகத்தைப் பில்லோடு போடுங்கள். சந்தேகம் வந்தால் சோதனைச் செலவும் உங்கள் தலையில்தான். ஒரே பைக்குக்கு ரோவரை நடத்தும் உள்கட்டமைப்புத் துறை ஒரு பக்கம், சுங்கத்தைப் பார்க்கும் எல்லைப் படை ஒரு பக்கம், வேளாண் துறை ஒரு பக்கம். அதே படத்தை மூவரும் தனித்தனியாகக் கேட்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் ஒரே கோப்பாக வைத்திருங்கள்.

பெட்டிக்கு, பைக் கடையில், தொழிற்சாலையிலிருந்து பைக் வந்த இரும்புச் சட்டகம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மரம் என்றால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும், பூச்சி பரவாதபடி பதப்படுத்திய மரத்துக்கான அனைத்துலக முத்திரை அது. பெரும்பாலும் மரத்தின் உள்ளே 56 பாகை செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் காட்டியிருப்பார்கள். முன் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றினால் 1.9 மீட்டர் நீளம், 0.6 அகலம், 1.15 உயரத்தில் அடங்கும், சுமார் 1.3 கனமீட்டர். ஃபோர்க்கை முழுக்க அமுக்கிக் கட்டாதீர்கள், வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் சீல் கெடும். பெட்ரோல் தொட்டியைக் காலிசெய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள், ஒய்.இசட்.டின் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடியுங்கள். கே.டி.எம்.மின் லித்தியம் பேட்டரி வண்டியிலேயே இருக்கட்டும், முனைகளை டேப்பால் மூடுங்கள். உதிரியாகப் போட்டால் அது தனி அபாயச் சரக்கு. செயின் ஸ்பிரே, டூ ஸ்ட்ரோக் எண்ணெய், ரேஸ் பெட்ரோல் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம்.

கடைசியாகக் கூலி. கனமீட்டருக்கு அடிமட்ட விலை சொல்லும் ஏஜென்டிடம் ஏமாறாதீர்கள். இங்கே குறைத்ததை ஃப்ரீமாண்டிலில் வசூலிப்பார்கள். அங்குள்ள முனையக் கட்டணம், கண்டெய்னர் பிரிப்புக் கூலி, டெலிவரி ஆர்டர், புரோக்கர், வேளாண் பரிசோதனை, கிடங்கு வாடகை என ஒவ்வொன்றையும் தொகையோடு எழுத்தில் வாங்குங்கள். "டோர் டு டோர்" என்ற மூன்று சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து சில்லறைச் சரக்காக (பிறர் சாமானோடு ஒரே கண்டெய்னரில்) அனுப்பினால் வழியில் இறக்கி ஏற்றுவது கூடும். பெட்டி கட்டிய பின் லோரியில் போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஏற்றுவதையே விரும்புவேன். கப்பல் ரசீதில் பெறுநராக உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும். ஏஜென்டின் பெயரில் இருந்தால் பைக்கை விடுவிக்க அவர் கேட்பதுதான் விலை.