கெஜட்டை யார் படிக்கிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் கீழ்த்தளத்தில், சட்டங்களையும் ஆணைகளையும் அரசு வெளியிடும் கெஜட்டின், அதாவது இந்திய அரசிதழின், பழைய தொகுதிகள் ஐந்து அலமாரி நிறைய இருக்கின்றன. ஐம்பதுகளில் தொடங்கி எண்பதுகளின் நடுவில் நின்றுவிட்டவை. நான் வேலைக்குச் சேர்ந்த பதினொரு ஆண்டுகளில் ஒருவர்கூட அவற்றைக் கேட்டு வந்ததில்லை. இப்போது இடம் போதவில்லை என்பதால் எடைக்குப் போட வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலின் தலையில் இவைதான் நிற்கின்றன.

முன்பு ஒரு கட்டுரையில் அரசு அச்சகத்தை நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்ட பிறகு அரசு ஏன் எதையும் அச்சிட வேண்டும்? அச்சிட்ட காலத்திலும் அதை யார் படித்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் படிக்கவில்லை. வழக்கறிஞர்கள் வழக்கு வந்த பிறகு படித்தார்கள். பெயர் மாற்றிக்கொண்டவர்கள் தங்கள் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் படித்தார்கள். ஆனால் படிக்காதவரையும் அது விட்டதில்லை.

1962 நவம்பர் 27 அன்று ஒரு ஜெர்மானியர் சூரிச்சில் மணிலாவுக்கு விமானம் ஏறினார். பெயர் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ். அணிந்திருந்த ஒரு கோட்டின் அறைகளில் 34 கிலோ தங்கம். மறுநாள் விமானம் பம்பாயில் நின்றது. அவர் இறங்கவில்லை, இருக்கையிலேயே இருந்தார். சுங்க அதிகாரிகள் விமானத்துக்குள் வந்து சோதித்துப் பிடித்தார்கள். இந்தியா வழியாக வேறு நாட்டுக்குப் போகும் தங்கத்துக்கு அதுவரை இருந்த விலக்கை ரிசர்வ் வங்கி அப்போதுதான் மாற்றியிருந்தது. வழியில் போகும் தங்கமானாலும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்டியிருக்க வேண்டும் என்பது புதிய நிபந்தனை. அந்த அறிவிக்கை அரசிதழில் வெளியான நாள் நவம்பர் 24, சனிக்கிழமை. சூரிச்சில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவருக்கு மூன்று நாள் அவகாசம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 1964-ல் அந்த விடுதலையை ரத்து செய்தது. இந்தியாவில் முறைப்படி வெளியிட்டாகிவிட்டது, அது போதும், வெளிநாட்டவரின் வீட்டு வாசலில் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்பது நீதிபதி ராஜகோபால ஐயங்கார் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார்; குற்றம் என்று அறியாமல் செய்தவரைத் தண்டிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதுவரை சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டது என்பதால் அந்த மனிதர் தப்பினார். கொள்கை தப்பவில்லை. இன்றும் சட்ட மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

உங்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். எனக்கும் பாதி அப்படித்தான். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1923-ல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. நிறைவேற்றி, கோப்பில் வைத்துக்கொண்டது. அரசிதழில் போடவில்லை, வேறெந்த வகையிலும் ஊரறியச் செய்யவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஹர்லா என்பவர் அதே சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டார். ஐம்பது ரூபாய் அபராதம். அந்த ஐம்பது ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போனார் மனிதர், 1951-ல் ஜெயிக்கவும் செய்தார். மக்கள் தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஒன்றைச் சட்டம் என்று சொல்லி ஒருவரைத் தண்டிப்பது நாகரிக மனிதனின் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று நீதிபதி விவியன் போஸ் எழுதினார். கவனியுங்கள், ஹர்லா படித்தாரா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. படிக்க விரும்பியிருந்தால் எங்கே போய்ப் படித்திருக்க முடியும் என்றுதான் கேட்டது.

அச்சகத்தை நான் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் வைத்தது இதனால்தான். நாடாளுமன்றம் இயற்றுவதும் அமைச்சகம் ஆணையிடுவதும் அச்சகத்தின் வாசலைத் தாண்டி வெளியே வரும்வரை குடிமகனைத் தொட முடியாது.

அரசுக்கே தன் சட்டம் தெரியாமல் போன கதையும் உண்டு. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் ஆட்சியின் தொடக்கத்தில் ஆணைகள் மழையாகப் பொழிந்தன. அவற்றை ஒரே இடத்தில் வெளியிட அங்கே ஓர் ஏடு கிடையாது. டெக்சாஸில் ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்தவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். மேல்முறையீட்டில் வழக்கு உச்ச நீதிமன்றத்தை நெருங்கியபோதுதான், அதைக் குற்றமாக்கிய பத்தியே ஒரு திருத்தத்தின்போது தவறுதலாக நீங்கிவிட்டது என்று தெரியவந்தது. வழக்குத் தொடுத்த அதிகாரிகளுக்குத் தெரியாது, எதிர்த்தவர்களுக்கும் தெரியாது. அந்த ஆணையின் பிரதியை ஓர் அரசு ஊழியரின் கால்சட்டைப் பின்பையில்தான் தான் பார்த்ததாக எண்ணெய்க்காரர்களின் வழக்கறிஞர் சொன்னார் என்பார்கள். 1935 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதற்கென ஒரு சட்டம். 1936 மார்ச் 14 அன்று ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழின் முதல் இதழ் 16 பக்கங்களில் வெளிவந்தது.

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அடுத்தது ஐடஹோ மாநிலத்துக் கோதுமை. அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் உள்ளூர்ப் பிரதிநிதிகளிடம் விவசாயிகள் தெளிவாகச் சொன்னார்கள்: 460 ஏக்கரில் 400 ஏக்கர், குளிர்காலக் கோதுமை போன இடத்தில் மறுவிதைப்பு. காப்பீடு உண்டு என்று பதில் கிடைத்தது. வறட்சியில் பயிர் போயிற்று. மறுவிதைப்புக்குக் காப்பீடு இல்லை என்று ஃபெடரல் ரிஜிஸ்டரில் விதி இருக்கிறதே என்று கழகம் கையை விரித்தது. 1947-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் கழகத்தின் பக்கம் நின்றது. எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி ஜாக்சன். அவர் சொன்னதன் கருத்து இது: இந்தப் பருத்த, சலிப்பூட்டும் ஏட்டை ஒரு விவசாயி முழுக்கப் படிக்க உட்கார்ந்தால் அவருக்குப் பயிர்க் காப்பீடே தேவைப்படாது, ஏனென்றால் பயிரிட நேரமே இருக்காது. நீதிமன்ற நகைச்சுவை பொதுவாக எனக்குச் சிரிப்பு வரவழைப்பதில்லை. இது வரவழைத்தது.

ஆக, வெளியிடுவது ஒரு வேலை. கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக அரசுகள் நினைத்துக்கொள்கின்றன. இணையம் வந்த பிறகு அந்த நினைப்பு இன்னும் முற்றிவிட்டது.

இணையத்தின் நன்மையை நான் மறுக்கவில்லை. அச்சு நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லும். இதழில் ஒரு தேதி இருக்கும், இதழ் விற்பனைக்கு வருவது இன்னொரு நாளாக இருக்கும். வரியை மாற்றும் அறிவிக்கை என்றால், இடைப்பட்ட நாட்களுக்குப் பழைய வரியா புதிய வரியா என்று வழக்காடியிருக்கிறார்கள். அரசிதழ் பொதுமக்கள் கைக்குக் கிடைக்கும் நாள்தான் கணக்கு என்று 1998-ல் நியூ டொபாக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு அதே நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தது என்பது தனிக் கதை. 2015 அக்டோபர் 1 முதல் இந்திய அரசிதழ் மின்னிதழாகிவிட்டது. 2019 பிப்ரவரி 16 அன்று, புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீத வரி விதிக்கும் அறிவிக்கை வந்தது. அதே நாளில், அது வருவதற்கு முன்பே, அட்டாரி எல்லையில் வணிகர்கள் இறக்குமதி ஆவணங்களைத் தாக்கல் செய்திருந்தார்கள். நாள் முழுவதற்கும் புதிய வரி என்றது அரசு. அறிவிக்கை இணையத்தில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அதற்கு முன் வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம், 2020-ல். காகிதத்தை வைத்துக்கொண்டு இப்படி விநாடி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி நான் தர முடியாது.

ஆனால் நேரம் திருந்திய இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2001 அக்டோபரில், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய பதற்றத்தில், அமெரிக்க அரசு தன் களஞ்சிய நூலகங்களுக்கு ஓர் ஆணை அனுப்பியது. களஞ்சிய நூலகம் என்றால், அரசு வெளியீடுகளை இலவசமாகப் பெற்று, கேட்பவர் யாராயினும் எடுத்துக் காட்டக் கடமைப்பட்ட நூலகம். இன்று அங்கே ஏறக்குறைய 1,100 இருக்கின்றன. குடிநீருக்கான நீர்நிலைகளைப் பற்றி நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்டிருந்த ஒரு குறுந்தகட்டை அழித்துவிடுங்கள் என்பது ஆணை. நூலகர்கள் அழித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் அழித்தார்கள், அந்த முணுமுணுப்பு பத்திரிகைகளுக்கும் போயிற்று.

இந்தக் கதையை அரசின் அடாவடிக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தான் வெளியிட்ட ஒன்றைத் திரும்பப் பெற அந்த அரசு ஊர் ஊராகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு கடிதமும் ஒரு சாட்சி. எது காணாமல் போனது, யார் சொல்லிப் போனது, எந்தத் தேதியில் என்பதெல்லாம் இன்றும் நமக்குத் தெரிகிறது. அதே தகவல் அரசின் ஒரே ஒரு கணினியில் மட்டும் இருந்திருந்தால் கடிதத்துக்குத் தேவையே இல்லை. ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மறுநாள் நாம் வந்து பார்க்கும்போது பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். நாம் நம் இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டு போய்விடுவோம். எனக்கே நேர்ந்திருக்கிறது. ஒரு துறையின் தளத்தில் பார்த்துக் குறித்து வைத்த சுற்றறிக்கை ஒன்று, சில மாதங்களுக்குப் பிறகு அதே எண்ணோடும் தேதியோடும் ஒரு பத்தி குறைவாக இருந்தது. நான்தான் தப்பாகக் குறித்தேனோ என்று இரண்டு நாள் என்னையே சந்தேகித்தேன். கையில் பழைய பிரதி இல்லாதவன் வேறென்ன செய்வான்?

அச்சிட்ட பிரதி ஐந்நூறு இடங்களில் இருந்தால் ஐந்நூறு இடங்களிலும் பத்தியை வெட்ட முடியாது. அச்சு என்று நான் சொல்வது மையையும் காகிதத்தையும் மட்டும் அல்ல. அரசின் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது மின்பிரதியாகவும் இருக்கலாம். ஆனால் 2017-ல் மத்திய அரசு தன் 17 அச்சகங்களை 5 ஆகச் சுருக்க முடிவெடுத்தபோது இடத்தையும் இயந்திரத்தையும் ஆட்களையும் பற்றிப் பேசினார்கள். அச்சோடு சேர்ந்து பிரதிகள் பரவுவதும் நின்றுபோகிறதே, அதற்கு மாற்று என்ன என்று பேசியவர்கள் என் கண்ணில் படவில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் காலையும் கடிக்கிறது. 2020-ல், சுரங்கம் போன்ற திட்டங்களுக்கு அனுமதி தருமுன் பார்க்க வேண்டிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைப் பற்றிய வரைவு அறிவிக்கையை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, நாட்டு மக்கள் எல்லாரும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று சொன்னது. அரசு அதைச் செய்யாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒரு சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவரிடம் அவர் படிக்க முடியாத மொழியில் கருத்துக் கேட்பதும், ஜெய்ப்பூரில் சட்டத்தைக் கோப்பில் வைத்துப் பூட்டியதும் எனக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் படுகின்றன.

இனி உங்கள் ஐந்து அலமாரிகள். எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று தொலைவில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குச் சுலபம், இடத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இப்படிச் செய்யுங்கள். பகுதி 2-இன் பிரிவு 3 தொகுதிகளைத் தனியே எடுத்து வையுங்கள். அமைச்சகங்கள் போட்ட விதிகளும் ஆணைகளும் அறிவிக்கைகளும் அதில்தான் இருக்கும். சட்டங்கள் பல இடங்களில் அச்சாகிக் கிடக்கின்றன. விதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்கமான இதழுக்குக் காத்திராமல் தனியே வெளியான சிறப்பிதழ்கள் கட்டப்படாமல் உதிரியாகக் கிடந்தால் முதலில் அவற்றைக் காப்பாற்றுங்கள். மற்றவற்றை இணையத்தில் இருக்கும் பிரதியோடு தேதிவாரியாக ஒப்பிட்டு, அங்கே இருந்து, எழுத்தும் தெளிவாக வாசிக்க முடிந்தால், எடைக்குப் போடுங்கள். எனக்கு வருத்தமில்லை.

ஒரே ஒரு உதவி. 1962 நவம்பர் தொகுதி இருந்தால், 24-ஆம் தேதி இதழைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்து நூலகர்கள் இதழ் கைக்கு வந்த நாளை மேல்மூலையில் முத்திரை குத்தி வைப்பார்கள். உங்கள் நூலகத்தின் முத்திரை எந்தத் தேதியைக் காட்டுகிறது என்று எழுதுங்கள்.