பணிக்கர் எழுதியதைப் படிக்க முடியவில்லையே!

கேள்வி: கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். ஜாதகக் கட்டம், பறவை போல ஓர் உருவம், சுற்றிலும் பொடிப்பொடியாக எழுத்து. மலையாளம் தெரிந்த தோழியாலும் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. இதற்கு என்னதான் அர்த்தம்? கீழடிப் பானைக் கீறல்களை வைத்து நானும் இப்படி வரையலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தோழி மேல் தப்பே இல்லை. அது படிப்பதற்காக எழுதிய எழுத்தே அல்ல. மலையாள எழுத்தின் வளைவும் சுழியும் இருக்கும். கூட்டிப் படித்தால் சொல் வராது. கோவையில் பிறந்த மலையாளி பணிக்கர். 1954ல் ஐரோப்பா போய் அங்குள்ள நவீன ஓவியங்களை நேரில் பார்த்தவர். அந்தப் பாணியையே இங்கும் தொடர அவருக்கு மனம் ஒப்பவில்லை. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, 1963ல், இந்த வரிசையைத் தொடங்கினார். ஜாதகம், தாந்திரிகச் சக்கரம், கணக்குக் குறி எல்லாம் உள்ளே வந்தன. சென்னைக்கு அருகே அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது அதற்கு 3 ஆண்டு கழித்துத்தான்.

நம் வீட்டுப் பழைய ஓலை ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் யாரோ ஒருவரின் வாழ்க்கை அதில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பணிக்கருக்கு அந்த உணர்வு போதும். எனக்கும் அதுதான் பிடிக்கும். அடுத்த முறை எட்ட நின்று வண்ணத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் கிட்டே போய், எழுத்து எங்கே நெருங்குகிறது, எங்கே விடுகிறது என்று பாருங்கள்.

கீழடிக் கீறல்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே ஒட்டவைத்தால் அது சுவரொட்டி ஆகிவிடும். முதலில் ஒவ்வொரு குறியையும் பழைய செய்தித்தாளில் கை பழகும்வரை போடுங்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைப்பார்கள் அல்லவா? கீறலுக்குள் மட்டும் கரி தங்கும். அதே வேலையை அக்ரிலிக்கிலும் செய்யலாம். பலகையில் காவி நிறத்தைக் கெட்டியாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் தூரிகையின் பின்முனையால் கீறுங்கள். நன்றாகக் காய்ந்ததும் நீர்த்த கருநீலத்தைத் தேய்த்து, உடனே துணியால் துடையுங்கள். அது காய்ந்த பிறகு மேலே மெல்லிய வெள்ளை. சில குறிகள் மறையட்டும், அதற்காக வருந்த வேண்டாம். மறைந்ததன் மேல் புதிதாகக் கீறுங்கள்.

முதல் பலகை முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.