மண் ஈரத் தரவில் ரேடியோ குறுக்கீடு: கேள்வி பதில்

கேள்வி: 1400–1427 மெகாஹெர்ட்ஸில் யாருமே அலை பரப்பக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறதே. அப்புறம் மண் ஈரத்தை அளக்கும் ஸ்மோஸ், ஸ்மாப் செயற்கைக்கோள்களுக்குக் குறுக்கீடு எங்கிருந்து வருகிறது சார்?

பதில்: விதி உண்டு (சர்வதேச ரேடியோ ஒழுங்குமுறையின் 5.340). அதை மீறி உள்ளேயே ஒலிபரப்பும் கருவிகளும் உண்டு. ஆனால் 1400-க்குக் கீழே இயங்கும் கண்காணிப்பு ரேடார்களின் கசிவும் சாதாரணமானதல்ல. இந்தச் செயற்கைக்கோள்கள், நிலம் இயற்கையாக உமிழும் மெல்லிய வெப்ப இரைச்சலை இந்தப் பட்டையில் கெல்வின் கணக்கில் அளக்கின்றன; ஈரம் கூடினால் அந்த அளவு குறையும். கணக்கைப் பாருங்கள்: 300 கெல்வின் நிலம் 24 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தரும் திறன் சுமார் 10⁻¹³ வாட். அதில் முந்நூறில் ஒரு பங்கு கூடினாலே 1 கெல்வின் பிழை.

கேள்வி: 400 கெல்வின் காட்டும் புள்ளிகளை நீக்கிவிட்டேன். அது போதாதா?

பதில்: போதாது. நிலம் அவ்வளவு சூடாகத் தெரியவே தெரியாது என்பதால் அவை தாமாகவே மாட்டிக்கொள்ளும். தொல்லை 3 முதல் 10 கெல்வின் வரை ஏறியவற்றில்தான். வெற்று நிலத்தில் ஈரம் 1 சதவீதம் மாறினால் சுமார் 2–3 கெல்வின் மாறும். ஆக 5 கெல்வின் குறுக்கீடு, மண் 2 சதவீதம் காய்ந்ததுபோல் காட்டும். பயிர் அடர்ந்த இடத்தில் உணர்திறன் குறைவு, பிழை இன்னும் பெரிது. ஸ்மாப் திட்டத்தின் இலக்கே 4 சதவீதத்துக்குள் பிழை என்பதுதான்.

கேள்வி: ஸ்மோஸில் சில இடங்களில் நேர்மாறாக ஈரம் கூடித் தெரிகிறதே?

பதில்: அதன் 69 ஏற்பிகளும் ஒய் வடிவில் அமைந்தவை, அவற்றின் சமிக்ஞைகளைக் கோத்துத்தான் படம் உருவாகிறது. வலுவான ஒரு மூலம் இருந்தால் படமெங்கும் ஏற்ற இறக்க வால்கள் நீளும். இறக்கம் விழுந்த இடம் குளிர்ந்து, ஈரமாகத் தெரியும். மூலம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம்.

கேள்வி: சமிக்ஞை இயற்கை இரைச்சல் போலப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் கர்டோசிஸ் சோதனை, குறுக்கீடு எல்லாவற்றையும் பிடித்துவிடுமா?

பதில்: பிடிக்காது. இயற்கை வெப்ப இரைச்சலுக்கு அதன் மதிப்பு 3. குறுகிய ரேடார் துடிப்பு வந்தால் 3-ஐத் தாண்டும். இடைவிடாத அலை வந்தால் இறங்கும். பாதி நேரம் ஓடி, பாதி நேரம் நிற்கும் துடிப்புக்கு மறுபடி 3-தான்! பல சிறு மூலங்கள் கலந்தாலும் இரைச்சல் போலவே ஆகிவிடும். அதனால்தான் ஸ்மாப், 24 மெகாஹெர்ட்ஸை 1.5 வீதம் 16 துண்டாக்கி, துருவமுனைப்பையும் (அலை அதிரும் திசையையும்) சேர்த்துச் சோதிக்கிறது.

கேள்வி: ஜப்பான் முழுக்கவே மோசமாக இருக்கிறதே, ரேடாரா?

பதில்: பெரும்பாலும் வீட்டு டிவி. மொட்டை மாடியில் உள்ள செயற்கைக்கோள் டிவி தட்டு, 12 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை 10.678 கழித்து கேபிளில் இறக்குகிறது. அப்படி இறங்கும்போது பிஎஸ்-19 என்ற டிவி அலைவரிசை 1394.72 மெகாஹெர்ட்ஸிலும் பிஎஸ்-21 1433.08-லும் மையம் கொள்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 34 அகலம், ஆகவே இரண்டும் தடை செய்த பட்டைக்குள் நீள்கின்றன. கேபிளுக்குள் இருக்கும்வரை குற்றமில்லை. கேபிளைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும், உறையில்லாத பழைய பிளவுப்பெட்டி, கையால் முறுக்கிய இணைப்பு, மலிவு பூஸ்டர் வழியே கசிந்தால்தான் வம்பு. இரட்டைக் கவசக் கேபிளும் திருகு இணைப்பும் போட்டாலே பெருமளவு அடங்கும். லட்சக்கணக்கான வீடுகளில் யார் போய் மாற்றுவது என்பது வேறு கதை.

கேள்வி: ஸ்மாப் தரவில் நானே எப்படிப் பார்ப்பது?

பதில்: எல்1பி எனப்படும் ஆரம்பநிலைத் தரவுக் கோப்பில், குறுக்கீட்டை வடிகட்டும் முன்னும் பின்னும் ஆன்டெனா வெப்பநிலை இரண்டும் இருக்கும். கழித்து, மாதச் சராசரி எடுத்து வரையுங்கள். வித்தியாசம் நிலையாகப் பெரிதாக உள்ள இடத்தில், வடிகட்டிய மதிப்பையும் சந்தேகத்துடனே பாருங்கள். தரக்கொடியை (தரவு நல்லதா என்று கோப்பிலேயே இருக்கும் குறியை) மட்டும் நம்ப வேண்டாம். ஒரே இடத்தை முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் பார்த்த முன்நோக்கு, பின்நோக்குப் பார்வைகளையும் தனித்தனியே ஒப்பிடுங்கள்: ஒன்றில் மட்டும் ஏறினால், திசை சார்ந்த மூலம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேள்வி: 5ஜி-யால் 23.8 கிகாஹெர்ட்ஸ் நீராவி அளவீடு கெடுமா?

பதில்: நீராவி இயல்பாக அலை உமிழும் கோடு 22.235 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் அளவீட்டை வேறெங்கும் நகர்த்த முடியாது. 5ஜி பட்டை 24.25-ல் தொடங்குகிறது. ஷார்ம் எல்-ஷேக்கில் 2019-ல் நடந்த உலக ரேடியோ மாநாடு, 5ஜி அடிநிலையங்களின் (கோபுரங்களின்) கசிவு வரம்பை 200 மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 33 டெசிபெல் வாட் என்றது. 2027 செப்டம்பர் 1-க்குப் பிறகு சேவைக்கு வருபவற்றுக்கு மைனஸ் 39, அதாவது நான்கில் ஒரு பங்கு. முன்னே நிறுவியவை பழைய வரம்பிலேயே ஓடலாம்.