பெரிய வாட் எண் நல்ல ரிசீவரா?

கேள்வி: 12க்கு 14 அடி ஹாலுக்கு 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் இணைக்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போகிறேன். ஒன்றில் 145 வாட், இன்னொன்றில் 80 வாட் என்று போட்டிருக்கிறது. முதலாவதுதானே சக்தி கூடியது?

பதில்: அட்டைப்பெட்டி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்த 145, பெரும்பாலும் ஒரே சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான வழியை) 6 ஓம் மின்தடையில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் ஓட்டி அளந்ததாக இருக்கும். ஒப்பிட வேண்டியது, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை (காதுக்குக் கேட்கும் முழு வீச்சில்), இரண்டு சேனல்களைச் சேர்த்து ஓட்டி அளந்த வாட். அப்படி 80 இருந்தால் உங்கள் ஹாலுக்குத் தாராளம். வாட் இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும்.

ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ரிசீவர் தாங்குமா என்று மேனுவலில் பாருங்கள். தாங்காவிட்டால் சத்தம் கூட்டும்போது சூடேறித் தானே அணைந்துவிடலாம். டிவியில் இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) இருந்தால் ரிசீவரிலும் அவசியம் இருக்கட்டும். அதன் பழைய வடிவமான வெறும் ஆர்க்கில், தரம் குறையாத ஒலி வடிவமான டால்பி ட்ரூஎச்டி வராது.