வாசகர் கேள்வி–பதில்: உப்பு நீரில் ஐஸ் ஏன் மெல்ல உருகுகிறது?

கேள்வி: தரம் 9இல் படிக்கும் மகள் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரிலும் ஒரு கிளாஸ் உப்புத் தண்ணீரிலும் ஐஸ் கட்டி போட்டுப் பார்த்தாள். உப்பு பட்டால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்றுதானே படித்திருக்கிறோம்? அவளுக்கு நேர்மாறாக வருகிறது. திரும்பத் திரும்பச் செய்தும் அதே முடிவுதான். எங்கே பிழை?
– ஒரு தந்தை, பம்பலப்பிட்டி

பதில்: பிழை எதுவும் இல்லை. பிள்ளையின் கொப்பியில் இருப்பதுதான் சரி. ஐஸின் மேல் உப்பைத் தூவுவது வேறு, உப்பு கரைந்த வெதுவெதுப்பான நீரில் ஐஸை மிதக்க விடுவது வேறு. குழாய்த் தண்ணீரில், உருகி வரும் குளிர்ந்த நீர் சுற்றியுள்ள நீரை விடப் பாரமானது. அது கீழே இறங்க, சூடான நீர் மேலே வந்து ஐஸைத் தொட்டுக்கொண்டே இருக்கும். உப்பு நீரில் உருகி வருவது நன்னீர். எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது உப்பு நீரை விட இலேசானது. ஆகவே மேலேயே தங்கி, ஐஸைச் சுற்றி ஒரு குளிர்ப் படையாக நின்றுவிடும். கீழே உள்ள சூடு மேலே வர வழியில்லை.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஐஸ் வைக்கும்போதே சில துளி உணவுச் சாயம் கலந்துவிடுங்கள். 500 மில்லிலீற்றர் நீருக்கு 17 அல்லது 18 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ மூன்று மட்டத் தேக்கரண்டி, கடல்நீரின் அளவுக்கு வரும். உப்பைக் கரைத்த பிறகு இரண்டு கிளாஸையும் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரமாவது வைத்து, வெப்பநிலை ஒன்றானதும் ஐஸைப் போடுங்கள். ஒரே அச்சில் எடுத்த கட்டிகளாக இருக்கட்டும். கரண்டியால் கலக்கினால் படை குலைந்து வித்தியாசம் மறைந்துவிடும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

ஆர்க்டிக் கடலிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். சைபீரிய ஆறுகள் கொட்டும் நன்னீரும் உருகிய பனிநீரும் சேர்ந்து மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த படையாக நிற்கின்றன. 150 மீற்றருக்குக் கீழே அத்திலாந்திக்கிலிருந்து வந்த, சுழியப் பாகைக்கு மேற்பட்ட உப்பு நீர் கிடக்கிறது. மேற்படை இருக்கும் வரை அந்தச் சூடு பனியை எட்டாது. நோர்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் இப்போது அந்தப் படைதான் பலவீனமாகி வருகிறது. குளிர்காலத்திலும் அங்கே பனி பிடிக்காத பரப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கேள்வி: வடதுருவப் பனி முழுதும் உருகினால் வெள்ளவத்தை ரயில் பாதை கடலுக்குள் போய்விடுமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: மிதக்கும் கடற்பனி உருகுவதால் நீர்மட்டம் ஏறக்குறைய உயராது. அது ஏற்கெனவே தன் எடைக்குரிய நீரை விலக்கித்தான் மிதக்கிறது. பயப்பட வேண்டியது நிலத்தின் மேல் இருக்கும் பனிக்குத்தான். கிறீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7.4 மீற்றர் உயரும். நல்ல வேளையாக, அதற்குப் பல நூற்றாண்டுகள் எடுக்கும். 360 பில்லியன் தொன் பனி உருகினால் 1 மில்லிமீற்றர் என்பது கணக்கு. கிறீன்லாந்து அண்மைய இருபது ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 270 பில்லியன் தொன் அளவில் இழந்திருக்கிறது.

நமக்கு உவப்பில்லாத இன்னொரு விடயம்: பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். கிறீன்லாந்தின் கரையோரத்தில் மட்டம் இறங்கும், தொலைவில் உள்ள வெப்பவலயக் கடல்களில் உலகச் சராசரியை விடச் சற்றுக் கூடுதலாக ஏறும்.

கேள்வி: நோர்வேயில் படிக்கும் மகன் கோடை முழுக்க, ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் நிலத்தில் இரும்புக் கம்பி குத்தப் போகிறானாம். இதற்கா தம்பி அவ்வளவு படிப்பு? பனிக்கரடியும் இருக்குமாமே?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, கம்பி குத்துவது பார்க்கத்தான் சின்ன வேலை. இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து உறைந்தே இருக்கும் மண்ணை நிரந்தர உறைநிலம் என்பார்கள். கோடையில் அதற்கு மேலே உள்ள மண்படை மட்டும் இளகும். எவ்வளவு ஆழம் இளகுகிறது என்பதை அளக்கத்தான் அந்தக் கம்பி. வடக்கு உறைநிலங்களில் புதைந்துள்ள கரிமம் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன். வளிமண்டலத்தில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

வழக்கமாக 100 மீற்றருக்கு 100 மீற்றர் சதுரத்தை எடுத்து, 10 மீற்றருக்கு ஒன்றாக 121 இடங்களில் குத்துவார்கள். கம்பி ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு, அளவுக் கோடுகள் இட்டது. ஓகஸ்ட் கடைசிக்கு முன் அளந்தால் இளகல் முடிந்திருக்காது, ஆழம் குறைவாகவே வரும். கல்லில் பட்டு நின்றதை உறைமண் என்று எழுதிவிடுவது புதியவர்கள் விடும் தவறு. கல் என்றால் ‘டங்’ என்று கையில் அதிரும். உறைமண் மந்தமாகத் தடுக்கும். சந்தேகம் என்றால் ஒரு சாண் தள்ளி மறுபடி குத்த வேண்டும். களிமண்ணில் இதற்கு நேரெதிர்த் தொல்லை: சுழியத்துக்குச் சற்றுக் கீழேயும் அது முழுதாக இறுகாது, கம்பி உறைமட்டத்தைத் தாண்டி இறங்கிவிடும். அங்கே வெப்பமானிக் கம்பியும் சேர்த்து இறக்குவார்கள்.

ஆகப் பெரிய ஏமாற்று வேறொன்று. மண்ணுக்குள் இருந்த ஐஸ் உருகி வடிந்தால் நிலமே தாழ்ந்துவிடும். கம்பி சென்ற ஆண்டின் அளவையே காட்டும், உண்மையில் இளகல் கீழே போயிருக்கும். நிலமட்டத்தையும் தனியே அளக்காத பதிவை நம்பக் கூடாது.

கரடி இருப்பது உண்மை. குடியிருப்பை விட்டு வெளியே போகிறவர்கள் அதை விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மகன் தனியே போகமாட்டார்.

கேள்வி: குளிர் குறைந்தால் ரெயின்டீர் மான்களுக்கு நல்லதுதானே?
– மாணவர், தெமட்டகொட

பதில்: பனி மட்டும் பெய்தால் அவை குளம்பால் தோண்டி, லைக்கன் எனப்படும் பாசி போன்ற உயிரியைத் தின்னும். நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, பிறகு உறைந்தால் புல்லின் மேல் ஐஸ் தகடு மூடிக்கொள்ளும். அதை உடைக்க முடியாது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் இப்படி நேர்ந்து, அந்தக் குளிர்காலத்தில் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன.

கேள்வி: ஹோர்டன் சமவெளியில் மரமில்லாப் புல்வெளியும் உறைபனியும் உண்டு. அதையும் அல்ப்ஸ் மாதிரி உயர்மலைச் சூழல் எனலாமா?
– ஆசிரியை, கிராண்ட்பாஸ்

பதில்: சொல்ல முடியாது. குளிரால் மரம் நிற்க முடியாத எல்லைக்கு மேலே இருப்பதுதான் அல்பைன் வலயம். வளரும் பருவத்தின் சராசரி 6.4 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் இடத்தில் அந்த எல்லை விழுகிறது. பிதுருதலாகலவின் 2,524 மீற்றர் உச்சியிலும் நமக்கு அவ்வளவு குளிர் இல்லை. சமவெளியில் மரம் இல்லாததற்குத் தீ, மண், பள்ளங்களில் தேங்கும் இரவுக் குளிர் என்று வேறு காரணங்கள் தேட வேண்டும். சிங்களத்தில் மகரத்மல் எனப்படும் அங்கத்தைய செந்நிற ரொடோடென்ட்ரோன் இமயமலையிலும் வளரும் இனம்தான். மயக்கம் வருவது இயல்பு.

ஆனால் ஆபத்து ஒரே வகை. ஒரு பாகை சூடேறினால் அதே குளிரைத் தேடி ஏறத்தாழ 150 மீற்றர் மேலே போக வேண்டும். ஐரோப்பாவில் 302 உச்சிகளின் பழைய, புதிய தாவரக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டபோது, 2007–2016 காலத்தில் புது இனங்கள் ஏறிவந்த வேகம் 1957–1966இல் இருந்ததைப் போல் ஐந்து மடங்கு. இனங்கள் கூடுகின்றனவே என்று மகிழ வேண்டாம். வருபவை உயரமான செடிகள், நிழல் விழுவது பழைய குட்டைச் செடிகளின் மேல். நம் மலைநாட்டில் மட்டும் வாழும் மூக்குக் கொம்பு ஓணானுக்கு மேலே ஏற மிஞ்சியிருப்பது சில நூறு மீற்றர்தான்.

நுவரெலியாவில் 4 பாகை என்று செய்தி வரும் நாளிலேயே புல்லில் உறைபனி இருப்பது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலையத்தின் வெப்பமானி நிழற்பெட்டிக்குள், ஏறத்தாழ ஆளுயரத்தில் இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத ஜனவரி இரவில் புல்நுனி அதைவிடப் பல பாகை குளிர்ந்துவிடும். மாணவர்களோடு போனால் ஒரு வெப்பமானியைப் புல் மட்டத்திலும் இன்னொன்றை ஆளுயரத்திலும் கட்டி, சூரியன் எழுமுன் வாசியுங்கள். வெயில் பட்ட பிறகு எடுத்த வாசிப்பு பயன்படாது.